கைப்பிடியில் மூன்று தேசம்

அன்று மூன்றாவது முறையாக அந்தக் கட்டடத்தின் படிகளை ஏறிக்கொண்டிருந்தாள் அண்ணி. முதல் மாடிவரைக்கும் வலது முழங்கால் மட்டும் முனகியது. இரண்டாம் மாடியில் இடதும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது, இந்தத் தொழிலைக் கண்டுபிடித்தவன் எவனோ அவன் நன்றாயிருப்பானா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் இல்லாத வீட்ல கொலை பண்றவனுக்கு ரெண்டு வருஷம் சேர்த்துப் போடணும் அண்ணி," என்றான் பின்னால் வந்த சுழி.

"கொலைன்னு யாரு சொன்னது?"

"என் முழங்கால் சொல்லுது. அது பொய் சொல்லாது."

கணவர் தொடங்கிய துப்பறியும் அலுவலகத்தை, அவர் போன பிறகு பதினோரு வருஷமாக அவள்தான் இழுத்துக்கொண்டு போகிறாள். கூடவே வந்து சேர்ந்த சொத்து, கணவரின் தம்பி. தலையில் இரட்டைச் சுழி, அதுவே பெயராகிவிட்டது. வயது நாற்பத்து நான்கு ஆகிறது, வாய்க்கு மட்டும் பன்னிரண்டுக்கு மேல் ஏறவே இல்லை. அவன் அண்ணி அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, இன்ஸ்பெக்டர்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

படியின் உச்சியில் மரத்தூண் ஒன்று நின்றது. அதில் நான்கு வெற்று ஓட்டைகள். கைப்பிடியைத் தூணோடு பிடித்திருந்த இரும்புப் பட்டை அங்கேதான் இருந்தது. மூன்று நாளைக்கு முன், கட்டடத்தின் சொந்தக்காரர் பெரியவர் வழக்கம்போல் காலையில் மொட்டை மாடிக்கு ஏறினார். வழக்கம்போல் இந்த இடத்தில் நின்று, கைப்பிடியில் முழுப் பாரத்தையும் சாய்த்து மூச்சு வாங்கினார். அவர் அங்கே சாய்வார் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குக் கைப்பிடி அவரோடு சேர்ந்து கீழே போய்விட்டது. பெரியவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

கைப்பிடி போட்ட தச்சர் இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். அவருடைய மனைவி காலையிலிருந்து ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது மணி மூன்று.

"சதுரத்தைப் பார்த்தா பாவமாத்தான் இருக்கு," என்றான் சுழி.

சதுரம் என்பது தச்சருக்கு ஊர் வைத்த பெயர். கனடாவில் ஒன்பது வருஷம் வீடு கட்டும் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே வீட்டுக்கு வீடு ஸ்குரூவின் தலையில் சதுரமாக ஓட்டை இருக்குமாம். திருப்புளியை உள்ளே விட்டால் கையை எடுத்தாலும் ஸ்குரூ கீழே விழாதாம். திரும்பி வரும்போது இரண்டு பெட்டி நிறைய அதைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து வேறு ஸ்குரூவைத் தொட்டதில்லை. கீழே இரண்டு மாடியிலும் கைப்பிடி முழுக்க அவர் போட்ட சதுரத் தலைகள்தான், ஒன்றுகூட அசையவில்லை. இங்கே மட்டும் பெரியவரோடு விழுந்தவை நான்கு சின்ன பிளஸ் தலை ஸ்குரூக்கள்.

அந்த மனுஷன் உண்மையைச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டார். "நான் இங்க சதுரம்தாங்க போட்டேன். அதைக் கழட்டுற திருப்புளி இந்த ஊர்ல என்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்? வேறு வேலைக்கு நாலு ஸ்குரூ குறைந்திருக்கிறது, இங்கே வந்து கழட்டிக்கொண்டு, கைக்குக் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றிவிட்டான் என்று எழுதிவிட்டார்.

"வாயைக் கொடுத்து மாட்டிக்கிறதுன்னா இதுதான் அண்ணி. இவருக்கு ஒரு பொய்யாவது சொல்லித் தரணும்."

அண்ணி ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். பையிலிருந்து ஒரு சின்னக் காகிதக் கவரை எடுத்தாள். விழுந்த நான்கில் மூன்று போலீஸிடம் இருந்தன. நான்காவதைக் கொடுத்தவர் மாப்பிள்ளை. பெரியவரின் ஒரே பெண்ணைக் கட்டியவர், ஊரின் பெரிய மரச்சாமான் கடைக்குச் சொந்தக்காரர். நேற்று அவராகவே தேடி வந்தார். "அந்தத் தச்சர் அப்பாவி அண்ணி. போலீஸ் இந்த ஸ்குரூவைத் திரும்பிக்கூடப் பார்க்கல. நீங்க நல்லாப் பாருங்க" என்று கண்கலங்கிச் சொல்லிவிட்டுப் போனார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மாப்பிள்ளையா என்று அண்ணி ஆச்சரியப்பட்டாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்து நல்லாத்தான் பார்த்தாள். பிளஸ் கோட்டின் மூலைகள் தேய்ந்து சிதைந்திருந்தன. அதன் பக்கத்தில், ஊசியால் குத்தியதுபோல் ஒரு புள்ளி.

"தம்பி, இந்தப் புள்ளி என்ன?"

சுழி கண்ணைச் சுருக்கினான். "அட! இது ஜப்பான் தலை அண்ணி. என் பழைய பைக்ல என்ஜின் மூடியைச் சுத்தி இதேதான் இருக்கும். இரும்போட இரும்பைச் சேர்க்குற ஸ்குரூ இது. மரத்துல பாரம் தாங்காது, சும்மா பார்வைக்கு நிக்கும்."

"இந்தக் கட்டடத்துல ஜப்பான் பைக் யாருகிட்ட இருக்கு?"

இருவரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள். தரைத்தளத்தில் பழைய ஜப்பான் பைக்குகளைப் பிரித்து மேய்ந்துகொண்டிருப்பவர் பெரியவரின் தம்பி, சின்னவர். கட்டடத்தில் அவருக்குப் பாதி. அண்ணனோடு நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அண்ணிக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. பொருந்திவிட்டது. போன் பண்ணிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைக்கலாம். "இன்ஸ்பெக்டருக்குப் போனைப் போடு தம்பி. ஆள் கிடைச்சாச்சுன்னு சொல்லு."

"போடறேன் அண்ணி. போற வழியில அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டா என்ன? எப்படியும் இறங்கித்தானே ஆகணும்."

கேட்டாலும் கேட்காவிட்டாலும் இறங்க வேண்டியது அறுபத்தாறு படி என்று நினைத்துக்கொண்டு அண்ணி இறங்கினாள்.

சின்னவரின் ஷெட் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். உள்ளே என்ஜின் ஆயில் வாடை. சுவரோரம் தகர டப்பாக்களில் ஸ்குரூக்கள், அளவு வாரியாக. யார் வேண்டுமானாலும் கைவிட்டு அள்ளலாம். சின்னவர் ஒரு என்ஜினுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் தாடி. அழுதிருக்கிறார் என்பது கண்ணிலேயே தெரிந்தது. அழுகிறவர்களை நம்புவதை அண்ணி விட்டு ரொம்ப நாளாகிறது.

ஸ்குரூவை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இது உங்களுதா?"

"என் டப்பால இருக்கிறதுதான்." அவர் ஒளிக்கவில்லை. "எங்க இருந்துச்சு?"

"உங்க அண்ணன் சாய்ஞ்ச கைப்பிடியில."

சின்னவர் முகம் வெளுத்தது. அண்ணி போனைக் கையில் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து சுழிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லாம் சரி சின்னவரே. கொலை பண்றதுன்னு ஆயிடுச்சு, கொஞ்சம் பொறுமையா பண்ணியிருக்கலாமே. ஸ்குரூ தலையை இப்படியா கொத்துக்கறி போடுறது?"

சின்னவர் அப்போதுதான் ஸ்குரூவைக் கண்ணருகில் கொண்டுபோனார். பார்த்தவர் எழுந்தேவிட்டார்.

"என்னைக் கொலைகாரன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். போலீஸைக் கூப்பிடுங்க, வரேன். இந்தத் தலையை நான் சிதைச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க. முப்பது வருஷத்துல ஒரு ஸ்குரூவை நான் இப்படிப் பண்ணதில்ல!"

சட்டைப் பையிலிருந்து ஒரு திருப்புளியை உருவினார். மரப்பிடி கருத்து வழவழவென்றிருந்தது. டப்பாவிலிருந்து ஒரு புது ஸ்குரூவை எடுத்து, ஒரு பழைய பலகை ஓட்டையில் வைத்துத் திருகினார். கிச்சென்று உட்கார்ந்தது. தலையில் ஒரு கீறல் இல்லை. அடுத்து, மேஜையடியில் கிடந்த சாதாரண பிளஸ் திருப்புளியை எடுத்து இன்னொன்றைத் திருகினார். பாதியில் முனை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மறுபடி அழுத்தினார். கரகரவென்று மூலைகள் சிதைந்தன. அண்ணியின் கையிலிருந்த ஸ்குரூவுக்கு இரட்டைப் பிறவிபோல் இருந்தது.

"பிளஸ்னா எல்லாம் பிளஸ்தான்னு நினைக்கிறாங்க," என்றார் மூச்சிரைக்க. "அமெரிக்கக்காரன் பிளஸ் வேற. ரொம்ப இறுக்கினா முனை தானா வெளிய வந்துடும். ஐரோப்பாக்காரன் அந்தப் பிளஸுக்கு மூலைக்கு மூலை மெல்லிசா இன்னொரு கோடு போட்டிருப்பான். ஜப்பான்காரன் பிளஸ் ஆழமா, நேரா இறங்கும், அடையாளத்துக்கு அந்தப் புள்ளி. அதுக்குன்னு தனித் திருப்புளி இருக்கு. இந்த ஊர்ல யாரும் வாங்க மாட்டாங்க. வேணும்னு தெரிஞ்சாத்தானே வாங்குறதுக்கு? என்கிட்ட ஒண்ணுதான். ராத்திரி தலைமாட்டுலதான் இருக்கும்."

அண்ணி ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். போனைப் பையில் போட்டாள். இன்னும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் போயிருந்தால் இந்த மனுஷனை உள்ளே தள்ளியிருப்பாள்.

"அப்ப ஸ்குரூ உங்களுது, திருப்புளி உங்களுது இல்ல," என்றாள் மெதுவாக. "வந்தவன் முதல்ல சதுரத் தலையைக் கழட்டினான். அதுக்கு கனடா திருப்புளி வேணும். அப்புறம் ஜப்பான் ஸ்குரூவை எடுத்து, அமெரிக்கத் திருப்புளியால திருகினான்."

"ஒரு கைப்பிடிக்குள்ள மூணு தேசம்," என்றான் சுழி. "ஆளு பாஸ்போர்ட்டோட வந்திருக்கான்."

"கனடா திருப்புளி சதுரத்துகிட்ட மட்டும்தான் இருக்குன்னு அவரே சொல்றார். அவர்கிட்ட சாதாரண பிளஸ் கிடையவே கிடையாது. ரெண்டும் சேர்ந்து ஒருத்தன்கிட்ட எப்படி இருக்கும்?"

சின்னவர் தலையைச் சொறிந்தார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். ஒரே பிடி, மாற்றி மாற்றிப் போட முப்பத்திரண்டு முனை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கண்ணாடி மூடிக்குள்ளே கோடு, பிளஸ், ஐரோப்பா பிளஸ், ஆறுமுனை நட்சத்திரம், அறுகோணம் எல்லாம் வரிசையாக நின்றன. கடைசி வரிசையில் சதுரம்.

"எல்லா நாட்டுத் தலையும் இருக்கும்னு விக்கிறாங்க. ஜப்பான் மட்டும் இருக்காது. பிளஸ்தான் இருக்கேன்னு விட்டுடுவாங்க. இதை எனக்குப் பரிசாக் கொடுத்தப்பவே வயிறு எரிஞ்சுது, தொடவே இல்ல."

"யாரு கொடுத்தது?"

"நம்ம மாப்பிள்ளைதான். கட்டில் வாங்குறவங்களுக்கெல்லாம் அவர் கடையில இலவசமாத் தராங்களே."

மணி மூன்றே முக்கால். அண்ணி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"தம்பி, இப்ப இன்ஸ்பெக்டருக்குப் போனைப் போடு. சோபா வாங்க வரச் சொல்லு."

மரச்சாமான் கடையில் மெத்தை உறைகளின் புது வாடை அடித்தது. மாப்பிள்ளையின் அறை கடைசியில் இருந்தது. வெளியே ஒரு நீலச் சோபாவில் இன்ஸ்பெக்டர் சாதாரண சட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, விலைச்சீட்டைப் பார்த்து நிஜமாகவே மிரண்டுபோயிருந்தார்.

"அண்ணி! ஏதாவது தெரிஞ்சுதா?" மாப்பிள்ளை எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"தெரிஞ்சுது. அது ஜப்பான் ஸ்குரூ. உங்க சின்ன மாமனார் ஷெட்ல இருந்து போனது."

"சின்ன மாமாவா? ஐயோ கடவுளே!" ஐயோ சரியாகத்தான் வந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே ஒரு நிம்மதிப் பெருமூச்சு வெளியே வந்துவிட்டது. "பாவம் அந்தத் தச்சர். இப்பவே விட்டுடுவாங்கல்ல?"

"ஏங்க," என்றான் சுழி, உட்கார்ந்த நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டி. "இவ்வளவு பெரிய கடை, நாற்காலி இப்படி டான்ஸ் ஆடுது? உங்களை நம்பி எங்க அண்ணிக்கு ஒரு கட்டில் வாங்கலாம்னு இருந்தேன்."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. மாமனார் போன துக்கத்தைவிட அது ஆழமாகப் போனதை அண்ணி கவனித்தாள். "எங்க நாற்காலியா? இருக்கவே இருக்காது." குனிந்து பார்த்தார். கால் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது. காரணம், ஒரு நிமிஷத்துக்கு முன் சுழியின் கட்டைவிரல் அங்கே வேலை பார்த்திருந்தது. மாப்பிள்ளை மேஜை இழுப்பறையைத் திறந்து முப்பத்திரண்டு முனை டப்பாவை எடுத்தார். அறுகோண முனையை உருவி, நாலே சுற்றில் இறுக்கிவிட்டு, பெருமையோடு நிமிர்ந்தார்.

அண்ணி டப்பாவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபத்தொன்பது முனைகள் தொழிற்சாலையிலிருந்து வந்த எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தன. அறுகோணம் தேய்ந்திருந்தது, அது தினசரி வேலை. சதுரத்தின் எண்ணெய் போயிருந்தது. பிளஸின் மூக்கு மழுங்கிப்போயிருந்தது.

"பிளஸ் ஏன் இப்படி ஆச்சு?"

"அது... ஏதோ பழைய அலமாரி."

"சதுரம்?"

"எது பொருந்துதோ அதைப் போட்டுத் திருகுறதுதானே அண்ணி," என்று சிரிக்கப் பார்த்தார்.

"அங்கதான் தப்புப் பண்ணீங்க. இந்த டப்பாவுல முப்பத்திரண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறதால, எல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கும்னு நினைச்சுட்டீங்க. சதுரம் இந்த ஊர்ல ஒரே ஒருத்தர் போடுறது. ஜப்பான் ஸ்குரூவை வெச்சு சின்னவரை மாட்டிவிடப் பார்த்தீங்க. சதுரத்தைக் கழட்டின தோஷத்துல தச்சர் மாட்டிக்கிட்டார்."

சுழி முனைகள் நின்ற தட்டைத் தூக்கினான். அடியில் ஒரு குட்டி பிளாஸ்டிக் கவர் செருகியிருந்தது. வாயில் ஸ்டேப்ளர் அடித்து, நறுவிசாக. உள்ளே நான்கு நீள ஸ்குரூக்கள். நான்கின் தலையிலும் சதுரம்.

"எத்தனை வருஷமா கடை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"பதினாறு." குரல் காற்றாக வந்தது.

"மிச்சமான ஸ்குரூவைக் கவர்ல போட்டு ஸ்டேப்ளர் அடிக்கிறது உங்க கடைப் பழக்கம். கொலை பண்ண அன்னிக்கும் கை தானா அடிச்சிருக்கு. தூக்கிப்போடணும்னு தோணவே இல்ல, இல்லையா?"

வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். மாப்பிள்ளை அவரைப் பார்த்தார், கவரைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். சின்னவர் தரைத்தளத்தைக் காலி செய்ய மாட்டேன் என்றதும், அங்கே இரண்டாவது கடை போட இவர் கனவு கண்டதும், பெரியவர் கடைசிவரை தம்பியை விட்டுக்கொடுக்காததும் துண்டு துண்டாக வந்தன. ஒருவர் செத்து ஒருவர் ஜெயிலுக்குப் போனால் பெரியவரின் பாதி மனைவி கைக்கு வரும், தரைத்தளமும் தானாகக் காலியாகிவிடும் என்பது கணக்கு.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றான் சுழி. "இவ்வளவையும் பண்ணிட்டு எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க? மரை கழண்டுபோச்சா?"

"போலீஸ் அந்தப் புள்ளியைப் பார்க்கல. யாராவது பார்க்கணுமே." மாப்பிள்ளை அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். "உங்களைப் பத்தி நாலு இடத்துல விசாரிச்சேன். கண்ணு இன்னும் கூர்மைதான், ஆனா அந்தம்மா ரொம்பச் சோர்ந்துட்டாங்க, முதல்ல எது பொருந்துதோ அதோட கேஸை மூடிடுவாங்கன்னு சொன்னாங்க."

சுழி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பதினோரு வருஷத்தில் அது முதல் தடவை.

அண்ணிக்கு முகம் சுட்டது. பொய்யாக இருந்தால் ஓர் அறை விட்டிருப்பாள். அவர் கேள்விப்பட்டது அட்சரம் பிசகாமல் உண்மை. அதுதான் வலித்தது. எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

ஸ்டேஷனுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம். காகிதங்கள் மாறின, ஓரிடத்தில் கையெழுத்து வாங்கினார்கள், பெல்ட்டையும் செருப்பையும் திருப்பிக் கொடுத்தார்கள். சதுரம் உள்ளேயிருந்து வந்தார். நல்ல உயரம், ஆனால் குனிந்தே வந்தார். மனைவி பெஞ்சிலிருந்து எழுந்தார், கிட்டே வர தைரியமில்லாமல் அங்கேயே நின்றார்.

"நீங்க போகலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "வேற ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. அண்ணிக்கு நன்றி சொல்லுங்க."

சதுரம் நன்றி சொல்லவில்லை. நம்பாதவர்போல் அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கழட்டினாங்களாம்மா? நிஜமாவே யாரோ கழட்டினாங்களா?"

"ஆமா. மாப்பிள்ளைதான். நீங்க போட்ட நாலு ஸ்குரூவும் அவர்கிட்ட இருந்துச்சு."

"தானா கழண்டுக்கலையே?"

அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது. இன்ஸ்பெக்டரின் கேள்வியை இவர் மூன்று நாளாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா," என்றார் சதுரம். "அன்னிக்கு அவசரத்துல கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டிட்டேனோ, அந்தப் பெரிய மனுஷனை நான்தான் கொன்னுட்டேனோன்னு. கண்ணை மூடினா அந்தத் தூண்தான் வருது. சதுரம் போட்டேன், சதுரம் போட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு. இனிமே இந்தக் கையால ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு..." மேலே பேச முடியாமல் அழுதார். அந்த வயதில் ஓர் ஆண்பிள்ளை அழும்போது பார்க்கிறவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரிவதில்லை. இன்ஸ்பெக்டர் மேஜையில் இல்லாத ஒரு பேனாவைத் தேடினார்.

அண்ணி கிட்டே போனாள். "நீங்க சதுரம்தான் போட்டீங்க. நாலும் முழுசா, நல்லா இருக்கு. உங்க கைமேல ஒரு தப்பும் இல்ல."

சதுரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சருகே நின்ற மனைவியைக் கைகாட்டி அழைத்தார்.

"இவ வரட்டும். இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

அந்த அம்மாள் வந்து நிற்கும்வரை காத்திருந்து, அண்ணி இன்னொரு தடவை சொன்னாள். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாகச் சொன்னாள்.